வருசக் காசை மொத்தமாக் கட்டின ஜிம் மூடுது. காசு திரும்ப வருமா?

காலிவீதிக்காரன் | 30 மார்ச் 2025, இரவு 9.12

ஜனவரி 6 ஆம் திகதி வெள்ளவத்தையில ஒரு ஜிம்முக்கு ஒரு வருசத்துக்கு 72,000 ரூபா மொத்தமாக் கட்டினன். மாசம் மாசம் கட்டினால் 9,000. "பொங்கல் ஒஃபர், இண்டைக்குக் கட்டினால் மட்டும்தான்" எண்டு கவுண்டரில நிண்ட பெடியன் சொன்னான். நானும் கணக்குப் போட்டன், 36,000 லாபம். அம்மா அப்பவே சொன்னவா, "நீ மூண்டு மாசத்துக்கு மேல போகமாட்டாய்" எண்டு. நான் கிழமைக்கு நாலு நாள் ஒழுங்காப் போனன். ஜிம்தான் மூண்டு மாசம் தாண்டேல்லை.

வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் வந்தது. திருத்த வேலையாம், 31 ஆம் திகதியோட இந்தக் கிளை தற்காலிகமா மூடுதாம், எல்லாரும் இரத்மலானைக் கிளைக்குப் போகலாமாம். எப்ப திறக்கும் எண்டு ஒரு சொல் இல்லை. நேற்றுப் போய்ப் பார்த்தன். ட்ரெட்மில் நாலையும் லொறியில ஏத்துறாங்கள். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறதுக்கு ட்ரெட்மில் ஏன் லொறி ஏறுது?

கையெழுத்துப் போட்ட தாளை இப்பதான் முழுசா வாசிச்சன். கட்டின காசு எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது எண்டு பத்தாவது பந்தியில இங்கிலிஷில கிடக்கு. வேலை முடிஞ்சு இரத்மலானைக்குப் போய் வாறதெண்டால் பஸ்ஸிலயே ஒண்டரை மணித்தியாலம் போயிரும். ஒன்பது மாசக் காசு மிச்சம் இருக்கு. ஏதும் செய்யலாமோ, இல்லை தலை முழுகுறதோ?

கொட்டாஞ்சேனை மச்சான் | 30 மார்ச், இரவு 9.31

கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது மச்சான். பத்தாவது பந்தி எண்டு நீயே சொல்ற. இனி என்ன கேள்வி? கடற்கரையில ஓடு, காசு கேக்க மாட்டாங்க.

இரும்புக்கை | 30 மார்ச், இரவு 10.05

கொழும்புல ரெண்டு ஜிம்ல நாலு வருசம் வேலை செஞ்சவன் நான். முதல் ரெண்டு வருசம் ட்ரெயினர், பிறகு கவுண்டர். அந்தப் பக்கத்துக் கதையக் கேளுங்க.

மாசக் காசு கட்டுற ஆளுக்கு எனக்குக் கமிஷன் இல்ல. வருசக் காசுக்குத்தான் கமிஷன். அதனால "மாசம் எவ்வளவு?" எண்டு கேட்டு வாற ஆளை வருசத்துக்குத் திருப்புறதுதான் எங்க வேலை. "இண்டைக்கு மட்டும்" எண்டுறது மாசக் கடைசி வரைக்கும் ஓடும், அடுத்த மாசம் வேற பேர்ல வரும். பொங்கல் போனா காதலர் தினம், அது போனா சித்திரைப் புத்தாண்டு.

இன்னொண்டு. 80 பேர் நிக்க இடம் இருக்கிற ஜிம்ல 600 பேருக்குக் காட் குடுப்போம். எல்லாரும் வந்தா மூச்சு விட ஏலாது. வராத ஆக்கள நம்பித்தான் கடையே ஓடுது. ஜனவரி, பெப்ரவரி காசுல வாடகை அட்வான்ஸும் பழைய கடனும் போகும். ஜூன்ல புது ஆக்கள் சேரல்லையெண்டா சம்பளம் பிந்தும். சம்பளம் பிந்தினா முதல்ல நல்ல ட்ரெயினர் போவான், பிறகு ஏசி பழுதாகும், பிறகு "திருத்த வேலை" மெசேஜ் வரும். ட்ரெட்மில் லொறி ஏறுதெண்டா அது திருத்த வேலை இல்ல, தம்பி. அநேகமா லீசிங்காரன் தூக்குறான்.

காலிவீதிக்காரன் | 30 மார்ச், இரவு 10.11

ஏசி பெப்ரவரியில பழுது. ட்ரெயினர் மார்ச் முதல் கிழமை போனவர். வரிசை மாத்தமே இல்லை அண்ணா.

புதுக்கடை குமாஸ்தா | 30 மார்ச், இரவு 11.20

தம்பி, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் திகதியைக் கணக்குப் பாரும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம்தான் பாவனையாளர் அதிகார சபையை உண்டாக்கியது. நுகர்வோர் அதிகார சபை என்று பத்திரிகைகள் எழுதுவதும் அதையே. அந்தச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பொருளை விற்ற நாளிலிருந்து, அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து, மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நீர் காசு கட்டியது ஜனவரி 6. மூன்று மாதம் ஏப்ரல் 6, அது ஞாயிறு. நாளைக்கு நோன்புப் பெருநாள் விடுமுறை. உமக்கு மிச்சம் செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை நாலே நாலு வேலை நாள்.

ஒரு வருடத்துக்கு ஓடும் சேவையில் "வழங்கிய நாள்" எது என்று கேட்கலாம். காசு கட்டிய நாளா, கடைசியாகப் போன நாளா, கதவு பூட்டிய நாளா? கதவு பூட்டிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. நான் குமாஸ்தாவாக இருக்கிற சட்டத்தரணி சேரும் அப்படித்தான் சொல்லுவார். ஆனால் அது கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிற வாதம். முறைப்பாட்டை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பற்றுச்சீட்டில் உள்ள திகதியை. நாலு நாள் கையில் இருக்கும்போது வாதத்தை ஏன் தேடிப் போகவேண்டும்?

இனி என்ன எழுதுவது. "ஜிம் சரியில்லை, ஏசி வேலை செய்யவில்லை" என்று நாலு பக்கம் எழுதாதீர். சேவைகள் என்று வரும்போது 13 ஆம் பிரிவு, சபை 12 ஆம் பிரிவின் கீழ் விதித்த தரங்களைச் சுட்டித்தான் பேசுகிறது. ஜிம்முக்கென்று அப்படி ஒரு தனி விதி இல்லை, ஆகவே 30 ஆம் பிரிவைப் பிடியும். வியாபாரி ஒருவர் ஆட்களைத் தவறாக நம்பவைக்கிற, ஏமாற்றுகிற நடத்தையில் ஈடுபடக்கூடாது என்கிறது அது. அடுத்தது 32. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தருவேன் என்ற உத்தரவாதம், ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அதற்குள் இருப்பதாகவே கொள்ளப்படும். விசாரித்து உம்மில் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ சபை கட்டளையிடலாம்.

பத்தாவது பந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம். நீர் மனம் மாறி "இனி வரமாட்டேன், காசைத் தா" என்று கேட்டால் அந்தப் பந்தி அவர்களுக்கு உதவும். இங்கே மனம் மாறியது நீரல்ல, அவர்கள். வெள்ளவத்தையில் ஜிம் தருகிறேன் என்று காசு வாங்கியவர் இரத்மலானையைக் காட்டினால் அது வேறு சேவை. 1997 இல் வந்த 26 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, நியாயமற்ற ஒப்பந்த நியதிகளைப் பற்றியது. பலருக்கும், சில சட்டத்தரணிகளுக்கும் கூட, மறந்துபோன சட்டம். கடைக்காரர் தானே அச்சடித்து நீட்டுகிற தாளில், தான் சொன்னதைச் செய்யாமல் தப்ப ஒரு வரி போட்டிருந்தால், அந்த வரி நியாயமானதா என்று அது கேட்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிம்முக்கென்று தனி விதி எங்களிடம் இல்லை. கையெழுத்துப் போட்டு நாலு நாள் யோசித்துவிட்டு விலகலாம் என்ற வசதியும் இல்லை. இருக்கிற பொதுச் சட்டத்தை வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

தெஹிவளை உம்மா | 31 மார்ச், முற்பகல் 11.40

எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்துக்கள். சமையலுக்கு நடுவுலதான் இதப் பாத்தேன்.

என் மகன் ஓ.எல். எழுதிட்டு வீட்ல இருக்கான், 17 வயசு. அவங்க மாமா கட்டார்ல இருந்து அனுப்பின காசுல 40,000 எடுத்து இவனே போய் ஒரு ஜிம்ல கட்டிட்டு வந்திருக்கான். இவன்தான் கையெழுத்தும் போட்டிருக்கான். நான் கேட்டதுக்கு "ரீஃபண்ட் இல்ல ஆன்ட்டி" எண்டு போன வச்சிட்டாங்க. போய் அஞ்சு நாள்தான்.

புதுக்கடை குமாஸ்தா | 31 மார்ச், பிற்பகல் 2.15

பெருநாள் வாழ்த்துக்கள் சகோதரி. உங்கள் கதை மற்றதைவிட லேசு. எங்கள் சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர் பெற்றார் இல்லாமல் செய்கிற ஒப்பந்தம் அவரைக் கட்டாது. பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு ஒரு கடிதம் எழுதி, நீங்களே கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் கதைக்க வேண்டாம். மகன் போன ஐந்து நாளுக்கு ஏதாவது கழிக்கக் கேட்டால் கழிக்கட்டும், அதில் பிடிவாதம் வேண்டாம்.

ஸ்காபரோ சித்தப்பா | 31 மார்ச், மாலை 6.48

இஞ்ச கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில, 2002 ஆம் ஆண்டுப் பாவனையாளர் சட்டத்தில ஜிம்முகளுக்கெண்டே பகுதி இருக்கு. ஒப்பந்தத்தின்ர பிரதி கையில கிடைச்சு பத்து நாளைக்குள்ள காரணம் சொல்லாமலே விலகலாம். ஒரு வருசத்துக்கு மேல எழுதக் கூடாது. மாசம் மாசமாக் கட்டுற வழியை அவன் கட்டாயம் தரவேணும், அப்பிடிக் கட்டுற மொத்தம் ஒரேயடியாக் கட்டுற காசைவிட 25 வீதத்துக்கு மேல கூடக் கூடாது. இன்னும் திறக்காத ஜிம்முக்கு முன்காசு வாங்கினால் அந்தக் காசு நம்பிக்கைப் பொறுப்பாளரிட்டப் போகவேணும், ஜிம்காரன் தொட ஏலாது. ஊரில ஒரு சட்டமும் இல்லை எண்டு சும்மாவா சொல்லுறம்?

புதுக்கடை குமாஸ்தா | 31 மார்ச், இரவு 7.30

சித்தப்பா, அந்த 25 வீதத்தைத் தம்பியின் கணக்குக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தமாக 72,000 என்றால் மாதக் கணக்கில் கட்டுகிறவரிடம் 90,000 க்கு மேல் வாங்க முடியாது, அதாவது மாதம் 7,500. இங்கே மாதம் 9,000, வருடத்துக்கு 108,000. ஐம்பது வீதம் கூட. தம்பி கண்ட அந்த 36,000 ரூபா "லாபம்" உண்மையில் கழிவு அல்ல. மாதம் மாதம் கட்ட வந்தவரைத் துரத்துவதற்காக ஏற்றி வைத்த விலை.

ஆனால் "ஒரு சட்டமும் இல்லை" என்று சொல்லாதீர்கள். இருக்கிறதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மாமி | 31 மார்ச், இரவு 10.02

இலண்டனில 2011 இல உயர் நீதிமன்றத்தில ஜிம் ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. ஆக்கள் ஆசையில சேர்ந்து ரெண்டு மூண்டு மாசத்தில விடுறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், அதை வைச்சே நீண்ட ஒப்பந்தம் எழுதிக் காசு பறிக்கிறாங்கள் எண்டு நீதிபதி எழுதினார். 12 மாசத்துக்கு மேல கட்டிவைச்ச ஒப்பந்தங்கள் நியாயமில்லை எண்டு முடிஞ்சுது. தம்பி, உங்கட அம்மா நீதிபதியாப் போயிருக்கலாம்.

சின்ன ஜிம் முதலாளி | 1 ஏப்ரல், காலை 7.20

எல்லாரும் எங்களக் கள்ளன் மாதிரிப் பேசுறீங்க, அதான் எழுதுறேன். கிராண்ட்பாஸ் பக்கம் சின்னதா ஒண்டு நடத்துறேன், பதினோரு வருசம்.

2020 மார்ச் 20 ஊரடங்கு போட்ட அண்டைக்கு என்கிட்ட வருசக் காசு கட்டின ஆக்கள் நூத்துக்கு மேல. மாசக் கணக்கில மூடிக் கிடந்தது. வாடகை நிக்கல்ல. 2022 ல ஒரு நாளைக்குப் பதிமூணு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்ல, பெற்றோல் இல்லாம வாடிக்கையாளர் வரல்ல. அந்த ஓகஸ்ட்ல மின்கட்டணம் 75 வீதம் ஏறிச்சு, 2023 பெப்ரவரில மறுபடி 66 வீதம். டொலர் 200 ல இருந்து 360 க்குப் போனப்ப ட்ரெட்மில் பெல்ட் ஒண்டு வாங்க யோசிக்க வேண்டி வந்திச்சு. முன்காசு இல்லாட்டி நான் அண்டைக்கே பூட்டியிருப்பேன்.

ஆனா நான் ஒரு காரியம் செஞ்சேன். மூடிக் கிடந்த நாள் எல்லாத்தையும் எல்லாருடைய காட்லயும் கூட்டிப் போட்டேன். கொப்பில எழுதி, ஆளுக்கு ஆள் கோல் எடுத்துச் சொன்னேன். திரும்ப வந்தவங்க பாதிப் பேர்தான். வந்தவங்க இன்னும் இருக்காங்க. முன்காசு வாங்குறது பிழையில்ல. வாங்கின காச என் காசு எண்டு நினைக்கிறதுதான் பிழை. அது சீட்டுக் காசு மாதிரி, இன்னும் குடுக்க வேண்டிய கடன்.

இரும்புக்கை | 1 ஏப்ரல், காலை 8.03

முதலாளி சொன்ன சீட்டுக் கதை சரி. ஒரு வித்தியாசம். சீட்டுல தாச்சி, அதான் சீட்டுப் பிடிக்கிறவங்க, ஓடினா அவங்க வீடு எதுண்டு தெரியும். ஜிம்ல யார்கிட்ட காசு குடுத்தோம் எண்டே தெரியாது.

புதுக்கடை குமாஸ்தா | 1 ஏப்ரல், காலை 8.40

இரும்புக்கை சரியான இடத்தில் தொட்டுவிட்டார். தம்பி, பற்றுச்சீட்டை எடுத்து, மேலே அச்சடித்திருக்கிற பெயரைப் பாரும். பெயர்ப்பலகையில் இருப்பதும் பற்றுச்சீட்டில் இருப்பதும் ஒன்றா?

காலிவீதிக்காரன் | 1 ஏப்ரல், காலை 8.52

இல்லை! பலகையில ஒரு ஸ்டைலான பேர். பற்றுச்சீட்டில ஏதோ "ஹோல்டிங்ஸ் பிரைவேட் லிமிடெட்" எண்டு இருக்கு. ஒப்பந்தத்தில மூண்டாவதா இன்னொரு பேர்.

புதுக்கடை குமாஸ்தா | 1 ஏப்ரல், காலை 9.15

நினைத்தேன். முறைப்பாட்டில் மூன்று பெயரையும் எழுதும். லிமிடெட் என்று இருந்தால் அது கம்பனி. கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் பதிவிலக்கம் கிடைக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் கம்பனிப் பதிவாளரின் அலுவலகம் இருக்கிற சமாகம் மெதுரவுக்குப் போய், கட்டணம் கட்டிப் பணிப்பாளர் யார் என்று எடுக்கலாம். லிமிடெட் இல்லாத வியாபாரப் பெயர் என்றால் பிரதேச செயலகப் பக்கம் விசாரிக்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? கம்பனி ஒன்று கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டால், பிணை வைத்திருக்கும் வங்கியும் லீசிங் கம்பனியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஊழியர்களின் சம்பளமும் சேமலாப நிதியும் வரிசையில் முன்னுக்கு நிற்கும். முன்காசு கட்டின நீர் பிணையில்லாத கடன்காரர், கடைசி வரிசை. அதனால்தான் கம்பனி உயிரோடு இருக்கும்போதே, இரத்மலானைக் கிளை திறந்திருக்கும்போதே, பிடிக்கவேண்டும் என்கிறேன்.

மழைக்காகம் | 1 ஏப்ரல், பிற்பகல் 1.26

இந்த இழையைப் பார்த்துக் கை நடுங்குது. நானும் அதே ஜிம்தான் எண்டு நினைக்கிறேன். ஏசி, லொறி எல்லாம் பொருந்துது. நான் காசு கட்டினது மார்ச் 22. ஒரு வருசத்துக்கு 65,000. கிரெடிட் காட்ல, வட்டி இல்லாத பன்னிரண்டு தவணை.

காலை பத்து மணியில இருந்து பன்னிரண்டு வரைக்கும் பெண்களுக்கு மட்டும், பெண் ட்ரெயினர் இருக்கிறா எண்டு ஃபேஸ்புக்கில போட்டிருந்தாங்க. அதை நம்பித்தான் சேர்ந்தேன். போன முதல் நாளே ட்ரெயினர் லீவு எண்டாங்க. ஆறு நாள் கழிச்சு மூடப்போறம் எண்டு மெசேஜ். இன்னும் ஒரு தவணையும் கழியல்ல. தவணையை நிப்பாட்டலாமா?

புதுக்கடை குமாஸ்தா | 1 ஏப்ரல், பிற்பகல் 3.50

தங்கச்சி, முதலில் அந்த ஃபேஸ்புக் விளம்பரத்தைத் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். இப்போதே. நாளைக்கு அழித்துவிடுவார்கள். வட்ஸ்அப் உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, மெசேஜ்தானே என்று ஒருவரும் ஒதுக்கிவிட முடியாது.

தவணையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். பலர் விழுகிற குழி அதுதான். வட்டியில்லாத் தவணை என்றால் வங்கி ஜிம்முக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது, நீங்கள் கடன்பட்டிருப்பது வங்கிக்கு. கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், கடன் தகவல் பணியகத்திலும் பெயர் போகும். செய்ய வேண்டியது, வங்கியின் காட் பிரிவுக்கு எழுத்தில் ஒரு ஆட்சேபணை. "சேவை வழங்கப்படவில்லை, கொடுத்த பணத்தை வியாபாரியிடமிருந்து மீளப் பெறுங்கள்" என்று. காட் வலையமைப்புகளுக்கு இதற்கென்று நடைமுறை உண்டு, காலக்கெடுவும் உண்டு. வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, தொலைபேசி இலக்கம் 1935. வங்கி வாடிக்கையாளரைக் காக்க 2023 இல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்திருக்கின்றன.

இன்னொன்று. 31 இல் மூடப்போகிற கிளைக்கு 22 இல் ஒரு வருடக் காசு வாங்கியிருக்கிறார்கள். மூடுவது தெரிந்துகொண்டே வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம் பிரிவு சொல்கிற ஏமாற்று வரைக்கும் போகலாம். பொலிஸில் "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். உங்கள் திகதிகளைப் பார்த்தால் அப்படித் திருப்புவது கொஞ்சம் கஷ்டம். காலிவீதிக்காரத் தம்பியும் உங்கள் திகதியைத் தன் முறைப்பாட்டில் எழுதட்டும். அவரது ஆவணங்களைவிட உங்கள் பற்றுச்சீட்டுத்தான் பலமான சாட்சி.

கொட்டாஞ்சேனை மச்சான் | 1 ஏப்ரல், மாலை 5.10

சரி, நான் முதல்ல சொன்னத வாபஸ் வாங்குறேன். ஆனா ஒரு கேள்வி. என் தாள்ல "காயம், மரணம் எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" எண்டு இருக்கு. போன மாசம் பக்கத்துல நிண்ட ஆளுக்குக் கேபிள் அறுந்து தோள்ல விழுந்திச்சு. அதுவும் செல்லாதா?

புதுக்கடை குமாஸ்தா | 1 ஏப்ரல், மாலை 6.00

அதே 1997 சட்டம். கவலையீனத்தால் வந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பில்லை என்று தாளில் எழுதித் தப்ப முடியாது. அவர் தானாகப் பாரத்தைக் கூடத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டால் அது வேறு கதை. தேய்ந்த கேபிளை மாற்றாமல் விட்டது கவலையீனம்.

காலிவீதிக்காரன் | 3 ஏப்ரல், இரவு 8.44

பாவனையாளர் அதிகார சபைக்குப் போயிட்டு வந்தன். கொழும்பு 2, வொக்ஸோல் வீதி 27 ஆம் இலக்கம். அரைநாள் லீவு போட்டன். கடிதத்தைத் தமிழிலதான் எழுதினன், குமாஸ்தா அண்ணா சொன்னமாதிரி ஒண்டரைப் பக்கம், ஏசியைப் பற்றி ஒரே ஒரு வரி. இணைச்சது: பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், வட்ஸ்அப் மெசேஜ், லொறியில ட்ரெட்மில் ஏறுற படம், மழைக்காகம் அக்காவின்ர பற்றுச்சீட்டுப் பிரதி (அவவின்ர அனுமதியோட). வாங்கினவர் சிங்களத்தில கதைச்சார், நான் அரைகுறையில சமாளிச்சன். தமிழ்க் கடிதத்தை ஒண்டும் சொல்லாமல் எடுத்தார். என்ர பிரதியில திகதி முத்திரை குத்தித் தந்தவர். அந்த முத்திரையைப் பார்க்கத்தான் நிம்மதி.

வரேக்க தெருவோரக் கடையில ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டன். ஜிம்முக்குப் போகாததால ஒண்டும் குற்ற உணர்ச்சி இல்லை.

புதுக்கடை குமாஸ்தா | 3 ஏப்ரல், இரவு 9.30

நல்லது. இப்போது ஜிம்முக்கும் ஒரு கடிதம், பதிவுத் தபாலில். தொகையைத் தெளிவாக எழுதும். அங்கேதான் அடுத்த சண்டை வரும்.

காலிவீதிக்காரன் | 29 ஏப்ரல், இரவு 10.15

சொன்னமாதிரியே சண்டை வந்தது. மனேஜர் கோல் எடுத்தார், குரல் முழுக்கத் தேன். காசு தருவினமாம், 45,000 தானாம். அவையின்ர கணக்கு: மூண்டு மாசம் பாவிச்சது, மாசம் 9,000 படி 27,000 கழிக்கிறது. என்ர கணக்கு: வருசம் 72,000, மாசத்துக்கு 6,000, மூண்டு மாசம் 18,000, மிச்சம் 54,000. ஒன்பதாயிரம் ரூபா வித்தியாசம். ஆர் சரி?

சின்ன ஜிம் முதலாளி | 29 ஏப்ரல், இரவு 10.40

நீங்க இடையில விட்டுப்போனா அவங்க கணக்கு சரி. கழிவு குடுத்ததே வருசம் முழுக்க நிப்பீங்க எண்டுதான். அவங்க விட்டுப்போனா உங்க கணக்கு சரி. நான் அவங்க இடத்துல இருந்தா 54 தான் குடுப்பேன்.

புதுக்கடை குமாஸ்தா | 30 ஏப்ரல், காலை 8.05

முதலாளி சொன்னதையே விசாரணையில் சொல்லும், அதே சொற்களில். சட்டம் படித்தவர் சொல்வதைவிடத் தொழில் தெரிந்தவர் சொன்னது தெளிவு. 45 க்குக் கையெழுத்துப் போட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம்.

விசாரணையில் சரிவராவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை. 2016 இலேயே ஐந்து இலட்சம் ரூபா வரையான பிணக்குகளுக்கு அதன் எல்லையைக் கூட்டிவிட்டார்கள், உம்முடையது அதற்குள் சுளுவாக அடங்கும். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. நீரும் அவர்களும் நேருக்கு நேர். உம்மைப் போல் கடுதாசி ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அது நல்லது.

காலிவீதிக்காரன் | 19 ஜூன், இரவு 7.58

இண்டைக்கு விசாரணை. ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டவை. அவையின்ர பக்கம் மனேஜரும் ஒரு கணக்காளரும். கிளை "தற்காலிகமாத்தான்" மூடினது எண்டு தொடங்கினார் மனேஜர். அந்த இடத்தில இப்ப ஒரு ஃபோன் கடை நடக்குது எண்டு நேற்று எடுத்த படத்தைக் காட்டினன். பிறகு அந்தச் சொல்லை அவர் பாவிக்கேல்லை. மார்ச் 22 பற்றுச்சீட்டைக் காட்டேக்க கணக்காளர் மனேஜரைப் பார்த்தார், மனேஜர் மேசையைப் பார்த்தார்.

முடிவு 50,000. ரெண்டு செக், ஒவ்வொண்டும் 25,000, ஒண்டு ஜூன் 25, மற்றது ஜூலை 15. நாலாயிரத்தை விட்டுக்குடுத்தன். இன்னொருக்கா அரைநாள் லீவு போட்டால் அதே காசு போயிரும்.

புதுக்கடை குமாஸ்தா | 19 ஜூன், இரவு 8.30

செக்கில் கம்பனி முத்திரை, கையெழுத்து, திகதி எல்லாம் சரியா என்று பாரும். திரும்பி வந்தால் வங்கி தருகிற அந்தத் துண்டை எறிய வேண்டாம். கணக்கில் காசில்லாமல் செக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி குற்றம். இப்போது உம் கையில் இருப்பது மார்ச்சில் இருந்ததைவிடப் பலமான தாள்.

மழைக்காகம் | 2 ஜூலை, காலை 9.12

எனக்கு வங்கி முழுக் காசையும் திருப்பிப் போட்டிருக்கு, ஜூன் கடைசியில. மூண்டு கடிதம், ரெண்டு தடவை நேர போனது. இடையில கழிஞ்ச தவணைகளையும் சேர்த்துத் தந்தாங்க. பொலிஸ்ல போட்ட முறைப்பாட்டை நான் இன்னும் வாபஸ் வாங்கல்ல, அது கிடக்கட்டும்.

தெஹிவளை உம்மா | 2 ஜூலை, காலை 10.30

எங்களுக்கும் 36,000 வந்திச்சு, ஏப்ரல்லயே. சொல்ல மறந்திட்டேன். மகன் இப்ப ஏ.எல். வகுப்புக்குப் போறான்.

காலிவீதிக்காரன் | 16 ஜூலை, மாலை 6.20

ரெண்டாவது செக்கும் காசா மாறிட்டுது. இப்ப வேற ஜிம், மாசம் 8,500, மாசம் மாசம்தான். கவுண்டரில நிண்ட பிள்ளை "வருசத்துக்குக் கட்டினால் 70,000 சேர், இண்டைக்கு மட்டும்" எண்டா. எவ்வளவு நாள் இண்டைக்கு எண்டு கேட்டன். சிரிச்சிட்டா.

வத்தளை வாசகன் | 20 ஜூலை, இரவு 11.47

இழையை முழுசா வாசிச்சேன். எனக்கும் இதே கதை, வேற ஜிம். ரெண்டு வருசத்துக்கு 1,30,000 கட்டினேன். போன கிழமை பூட்டிட்டாங்க. என்ன செய்யலாம்?

புதுக்கடை குமாஸ்தா | 21 ஜூலை, காலை 7.50

காசு கட்டிய திகதி?

வத்தளை வாசகன் | 21 ஜூலை, காலை 8.02

பெப்ரவரி 3.

புதுக்கடை குமாஸ்தா | 21 ஜூலை, காலை 8.20

பற்றுச்சீட்டுத் திகதிப்படி மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஆனாலும் கதவு பூட்டிய நாளிலிருந்து எண்ணி, இந்தக் கிழமையே வொக்ஸோல் வீதிக்குப் போங்கள். ஏற்காவிட்டாலும் கதை முடியவில்லை. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. எழுத்தில் இல்லாவிட்டால் மூன்று. அந்தத் தாளின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். பெயர், முகவரியை மறைத்துவிட்டு.

வத்தளை வாசகன் | 21 ஜூலை, காலை 8.31

தாள் அவங்ககிட்டதான் இருக்கு. எனக்குப் பிரதி தரல்ல.

இரும்புக்கை | 21 ஜூலை, காலை 8.44

பின்பக்கம் படி வழியா ஏறுங்க. கவுண்டருக்குப் பின்னால இரும்பு அலுமாரி இருக்கும், ஃபைல் எல்லாம் அதுலதான். யாராவது உள்ளுக்கு நிண்டா மரியாதையா உங்க பிரதியக் கேட்டு, கேட்டதை வட்ஸ்அப்லயும் போடுங்க. இண்டைக்கே போங்க, லொறி வரமுந்தி.